கை வைக்கும் இடம்

குற்றாலம் பேரருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் தண்ணீரின் குளிர்ச்சியைச் சொல்வார்கள், அது முதுகில் அறைந்த விதத்தைச் சொல்வார்கள், பஜாரில் தின்ற பலகாரத்தைச் சொல்வார்கள். கம்பியைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பாறையை ஒட்டிப் பதித்திருக்கும் அந்தக் குழாய்க் கம்பி இல்லாவிட்டால் இவர்களில் பாதிப் பேர் அருவிக்குள் நின்றிருக்கவே முடியாது. எனக்குச் சிறு வயதிலிருந்தே அந்தக் கம்பி மேல் பிரியம் உண்டு. அருவியின் அழகைப் பாட இந்த மண்ணில் பெரிய புலவர்கள் இருந்தார்கள். கம்பியின் அழகையாவது நான் கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன்.

அருவிக்குள் தலையைக் கொடுத்த மறு நொடி என்ன நடக்கிறது? கண் தானாக மூடிக்கொள்கிறது. காது முழுக்க இரைச்சல். பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. காலடியில் ஓடும் தண்ணீர் பாதத்தைத் தரையிலிருந்து பெயர்க்கப் பார்க்கிறது. மூச்சைக்கூட நினைத்தபடி இழுக்க முடியாது. தலையைக் குனிந்து, முகத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தங்கியிருக்கும் கொஞ்சம் காற்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கிழக்கு எது மேற்கு எது என்பதெல்லாம் போய்விடும். இப்படி ஒவ்வொன்றாகப் பறிபோன பிறகும், இன்ன இடத்தில் நிற்கிறோம் என்று உடம்புக்குச் சொல்லிக்கொண்டே இருப்பவை இரண்டு உள்ளங்கைகள். அவை கம்பியில் இருக்கின்றன. தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் நீச்சலுக்கு முன்னால் படிக்கும் பாடம், "ஏல, கம்பிய விட்றாதல" என்பதுதான். பெண்கள் பக்கத்தில் அதே பாடம், "ஏட்டி, கம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கோ" என்று நடக்கும்.

சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் தண்ணீர் அது. அப்படியே நேராக வந்து விழுந்தால் யாரும் அடியில் போய் நிற்க முடியாது. நடுவழியில் பொங்குமாக்கடல் என்ற பாறைப் பள்ளம் அதை ஏந்தி, வேகத்தை வாங்கிக்கொண்டு, அப்புறம் வழியவிடுகிறது. பாதி வேலையை மலையே முடித்துக் கொடுத்திருக்கிறது. மீதிப் பாதி கம்பியின் பொறுப்பு.

கம்பியின் பருமனைக் கவனியுங்கள். கை அதைச் சுற்றி வளைக்கும்போது கட்டைவிரல் வந்து மற்ற விரல்களைத் தொட வேண்டும், அல்லது தொட்டுவிடும் தூரத்தில் நிற்க வேண்டும். மாடிப்படி, மருத்துவமனை வராந்தா போன்ற இடங்களில் வைக்கும் கைப்பிடிகளுக்கு அமெரிக்காவில் வகுத்திருக்கும் அளவு 32 முதல் 51 மில்லிமீட்டர் விட்டம். அதைவிடப் பருத்தால் கை வழுக்கும். மிகவும் மெலிந்தால் உள்ளங்கையில் வெட்டும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் 38 மில்லிமீட்டராவது இடைவெளி விட வேண்டும் என்றும் அங்கே விதி இருக்கிறது. அந்த இடைவெளி விரல் முட்டிகளுக்காக விடுவது. நம் ஊர்க் கம்பியில் அளவுகோல் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது, கையே அளவுகோல். பாறை ஒரு இடத்தில் புடைத்து, முட்டி உரசி, தோல் வழன்றால், அந்த இடத்தில் முட்டிகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு இடத்தில் விரல்கள் தாராளமாக உள்ளே போய் வளைந்து உட்காரும். அந்த இடத்தைப் பதித்த கொத்தனாரும் வெல்டரும் யாரென்று தெரியாது. அவர்கள் வேலை முடித்துவிட்டு அதே கம்பியைப் பிடித்துக் குளித்துப் பார்த்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

எண்ணெய்ச் சமாச்சாரமும் இதோடு சேர்ந்ததுதான். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போவது குற்றாலத்தின் பழைய சுகங்களில் ஒன்று. பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று தடை போட்டது. தண்ணீர் கெடக் கூடாது என்பதற்காக வந்த தடை. அதன் பலன் கம்பிக்கும் கிடைத்தது. ஒருவர் கையிலிருந்து கம்பிக்கு ஏறும் எண்ணெய் அவரோடு போவதில்லை, அடுத்து வந்து பிடிக்கும் கைக்காகக் காத்திருக்கும்.

ரொம்ப நேரம் தண்ணீரில் நின்றால் விரல் நுனி சுருங்கிப் போகும் அல்லவா? தோல் தண்ணீரைக் குடித்து ஊறிவிட்டது என்றே நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது நரம்பு செய்யும் வேலை. விரலுக்குப் போகும் நரம்பு அறுந்தவர்களுக்கு அந்தச் சுருக்கம் விழுவதில்லை. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் 2013-இல் சோதித்துப் பார்த்தபோது, சுருங்கிய விரல்கள் ஈரமான கோலிக்குண்டு போன்ற பொருள்களைச் சீக்கிரம் எடுத்து வைத்தன. அடுத்த வருடமே பெர்லினில் வேறொரு குழு செய்துபார்த்து, அப்படி ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனாலும் குற்றாலத்தின் இன்னொரு அருவியான ஐந்தருவியில் நெடுநேரம் ஊறிவிட்டுச் சுருங்கிய விரலோடு கம்பியைத் தொடும்போது, என் கை நியூகாசில் பக்கம்தான் சாய்கிறது.

இனி, எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். பழக்கப்பட்ட ஒருவர் அருவிக்குள் போவதைப் பாருங்கள். தண்ணீர் மெலிவாக விழும் ஓரத்தில் கம்பியைப் பிடிப்பார். அங்கிருந்து ஒரு கையைக் கம்பியோடு வழுக்கிக்கொண்டே முன்னால் தள்ளி, மற்ற கையை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பார். கை கம்பியை விட்டு எழும்பாது. அதன் மேலேயே நகரும். அப்படியே கனத்த தண்ணீருக்குள் போய், நின்று, அதே மாதிரி நகர்ந்து வெளியே வருவார். கம்பி அவருக்கு நிற்கும் இடம் மட்டும் இல்லை, போக வர உள்ள பாதையும் அதுதான். கண்ணை மூடிக்கொண்டே போய்விட்டு வரக்கூடிய பாதை. கம்பியைத் தாங்கும் தூண் குறுக்கிடும் இடத்தில் கை ஒரு நொடி கம்பியை விட்டு எழும்பியாக வேண்டும். தடுமாற்றம் வருவது அங்கேதான். தெரிந்தவர்கள், தூணைத் தாண்டி முன்கையை வைத்து இறுக்கிய பிறகே பின்கையைத் தளர்த்துவார்கள். கம்பியைத் தூணின் பக்கவாட்டில் சேர்க்காமல், அடியிலிருந்து ஒரு முளை கொடுத்துத் தாங்கியிருந்தால் அந்த ஒரு நொடியும் மிச்சம். கை தடையில்லாமல் கடைசி வரை வழுக்கிக்கொண்டு போகும். கம்பி பதிக்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

கம்பிக்கும் எல்லை உண்டு. பேரருவியில் 'பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது' என்று செய்தி வந்தால் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தத் தண்ணீரில் எந்தக் கம்பியும் யாரையும் காப்பாற்றாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் சில நொடிகளில் வெள்ளம் திரண்டு வந்தபோது பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துக்கொண்டு போகப்பட்டு இறந்தான். மேலே மலையில் பெய்த மழை கீழே குளிக்கிறவர்களுக்குத் தெரியாது. அந்த மாதிரி நேரத்தில் வேண்டியது முன்கூட்டியே ஒலிக்கும் சங்கு. அதைக் கேட்ட உடனே எல்லோரும் வெளியேற அகலமான வழி. பிடிமானத்தைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் போனால் அது பாதி உண்மைதான்.

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் வெண்ணமடைக் குளம் இருக்கிறது. சாரல் காலத்தில் குளம் நிரம்பினால் படகுச் சவாரி உண்டு. மிதி படகுகளும் துடுப்புப் படகுகளும் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். படகுத்துறைகளில் ஆரஞ்சு நிறத்தில் தொங்கும் உயிர்காப்பு வளையத்தை எல்லோரும் பார்த்திருப்போம், யாரும் கூர்ந்து பார்த்திருக்க மாட்டோம். அதைச் சுற்றி ஒரு கயிறு ஓடும். நாலு இடத்தில் வளையத்தோடு பிணைத்து, நடுவில் தொங்கலாக விட்டிருப்பார்கள். கடலில் ஓடும் கப்பல்களுக்கு உலக நாடுகள் சேர்ந்து வகுத்த விதியில் இந்தக் கயிற்றுக்கும் கணக்கு எழுதியிருக்கிறது. கயிற்றின் விட்டம் 9.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நீளம் வளையத்தின் வெளிவிட்டத்தைப் போல நாலு மடங்காவது இருக்க வேண்டும். சம தூரத்தில் நாலு இடத்தில் கட்டி, சமமான நாலு தொங்கலாக விட வேண்டும்.

இந்த நாலு மடங்கில் இருக்கும் நயத்தைப் பாருங்கள். வளையத்தின் வெளிவிட்டம் அதிகபட்சம் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு 251 சென்டிமீட்டர் வரும். கயிறோ 320 சென்டிமீட்டர். கால் வட்டத்துக்கு 63 சென்டிமீட்டர் போதும் என்ற இடத்தில் 80 சென்டிமீட்டர் கயிறு ஓடுகிறது. மிச்சம் 17 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. இதுதான் தொங்கல். இறுக்கிக் கட்டியிருந்தால் கயிறு வளையத்தோடு ஒட்டிக்கொள்ளும். தத்தளிக்கும் விரல் அதன் அடியில் நுழையாது. இன்னும் தாராளமாக விட்டிருந்தால் கையும் கழுத்தும் சிக்கும். மூழ்கப் போகும் ஒருவரின் விரல் எப்படித் துழாவும் என்று கரையில் உட்கார்ந்து யோசித்த யாரோ ஒருவர், அந்த யோசனையை ஒரு பெருக்கல் கணக்காக்கி வைத்திருக்கிறார். உயிர்காப்புப் படகுகளுக்கும் இதே மாதிரி விதி உண்டு. தண்ணீரில் கிடக்கிறவர் கைக்கு எட்டும் உயரத்தில், படகின் வெளிப்பக்கம் சுற்றிலும், கைப்பிடிகள் வைத்திருக்க வேண்டும், அல்லது மிதக்கும் கயிற்றைத் தொங்கல் தொங்கலாகக் கட்டியிருக்க வேண்டும். 'மிதக்கும்' என்ற சொல்லை அந்த விதியில் சேர்த்தவரை நான் கும்பிடுகிறேன். மூழ்கும் கயிற்றைத் தேடிக் கை கீழே போக வேண்டும். மிதக்கும் கயிறு கை இருக்கும் இடத்துக்குத் தானே வருகிறது.

குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போய், சீவலப்பேரிக்குப் பக்கத்தில் தாமிரபரணியில் சேர்கிறது. தாமிரபரணி புன்னைக்காயலுக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நம் தலையில் விழுந்த தண்ணீர் அங்கே உப்பாகிறது. அந்தக் கரையில் எனக்கு முதலில் ஆச்சரியமாகப் பட்டது கட்டுமரம். அதில் பிடிக்கத் தனியாகக் கயிறு எதுவும் கட்ட வேண்டியதில்லை, கட்டே பிடிதான். சில மரத்துண்டுகளைச் சேர்த்து வைத்து, முன்னும் பின்னும் கயிற்றால் வரிந்து கட்டியதுதான் முழுப் படகும். முன்பு தேங்காய் நார்க் கயிறு, பின்னால் நைலான். அலை ஏறினால் தண்ணீர் மரங்களுக்கு நடுவிலுள்ள இடுக்கு வழியாக இறங்கிவிடும், இறைக்க வேண்டாம். கவிழ்ந்தாலும் மூழ்காது. விழுந்தவர் கட்டில் விரலை மாட்டி, புரட்டி, மேலே ஏறிக்கொள்வார். தொழில் முடிந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்து மணலில் காயவிடுவார்கள். மறுபடி கடலுக்குப் போகும் முன் கை ஒவ்வொரு சுற்றையும் திரும்ப இழுத்துப் பார்த்தே கட்டும். சோதனைக்கென்று தனியாக ஒரு நாள் வேண்டியதில்லை, தினமும் சோதனைதான்.

2004 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் கரையெங்கும் நிறைந்தன. வேகமானவை, மீன் அதிகம் ஏற்றலாம். ஆனால் பக்கச் சுவர் உயரமாக, வழவழப்பாக இருக்கும். தவறி விழுந்தவர் தண்ணீரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கை வைக்க இடம் தேட வேண்டும். அந்தச் சுவரைச் சுற்றித் தொங்கல் விட்ட ஒரு கயிறு ஓடினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த ஆசையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிறைவேறியிருக்கும் இடம் கடல் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு. கோவளத்திலும் ராமேஸ்வரம் பக்கத்திலும் இன்றைக்குக் கயாக் வாடகைக்குக் கிடைக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை மேலே உட்கார்ந்து போகும் வகை. நான் சொல்வது நீண்ட கடல் பயணத்துக்கான வகை: ஐந்து மீட்டர் நீளம், இரண்டடிக்கும் குறைவான அகலம், இடுப்புவரை உள்ளே நுழைத்து உட்காரும் குழி. அதன் மேல்தளத்தின் விளிம்பையொட்டி, குழியின் பக்கவாட்டை மட்டும் விட்டு, முனையிலிருந்து முனைவரை கயிறு ஓடும். டெக் லைன் என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அலங்காரக் கோடு போலத் தெரியும். கவிழ்ந்து பார்த்தவருக்குத்தான் அதன் மதிப்பு தெரியும். குப்புறக் கிடக்கும் கயாக்கின் அடிப்பாகம் முழுக்க வழவழப்பு. விரல் மாட்ட எதுவும் கிடையாது. காற்று அடித்தால் ஆளில்லாத கயாக் நீந்துகிறவரைவிட வேகமாக ஓடிவிடும். ஒரு முறை கைவிட்டால் அப்புறம் துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். ஆகவே கவிழ்ந்த மறு கணம் கை போக வேண்டிய ஒரே இடம் அந்தக் கயிறு.

கயிறு 6 முதல் 8 மில்லிமீட்டர் பருமன் இருந்தால் போதும் என்பது கயாக்காரர்களின் வழக்கம். குற்றாலத்துக் குழாயோடு ஒப்பிட்டால் இது நூல். இருந்தும் போதும். குழாயை உள்ளங்கை சுற்றி வளைத்து இறுக்குகிறது. கயிற்றில் நாலு விரலும் கொக்கியாக வளைந்து மாட்டிக்கொள்கின்றன. இறுக்குவதற்குத் தசை வேலை செய்ய வேண்டும், சீக்கிரம் களைக்கும். கொக்கிக்கு அவ்வளவு வேலை இல்லை, உடம்பின் எடையே விரலைக் கயிற்றில் உட்கார வைத்துவிடும். களைத்த கைக்குத் தோதான பிடி அதுதான்.

அடுத்தது தொங்கல். வளையத்துக்கு நாலு மடங்கு என்று விதி இருந்தது. இங்கே விதி எதுவும் இல்லை, விரல்தான் விதி. கயிற்றின் அடியில் நாலு விரல் முட்டிவரை லேசாக நுழைய வேண்டும். முழங்கையோ பாதமோ நுழையக் கூடாது. இரண்டு பிணைப்புகளுக்கு நடுவில் தூரம் அதிகமானால் நடுவில் கயிறு தானாகவே தளர்ந்து கொடுக்கும், குறைந்தால் விறைத்துக்கொள்ளும். நனையும்போது நைலான் கொஞ்சம் நெகிழும். உலர்ந்த கயிற்றில் சரியாக இருந்த தொங்கல் கடலில் கூடிவிடும். அதனால் நான் நைலானை விட்டுவிட்டுப் பாலியெஸ்டருக்கு மாறினேன். அது அவ்வளவாக நீளாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும். நம் கடற்கரை வெயிலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், விலையும் மலிவு. ஆனால் வெயிலில் சீக்கிரம் பொரிந்து, தொட்டால் முள் முள்ளாகக் குத்தும்.

கயிறு நுழைந்து போகும் பிணைப்புகளைப் பாருங்கள். நல்ல கயாக்கில் அவை தளத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்காது. தளத்திலேயே ஒரு சின்னக் கிண்ணம் போலக் குழித்து, அதன் குறுக்கே ஒரு பாலம் விட்டு, கயிறு அதன் அடியில் போகும்படி வைத்திருப்பார்கள். காரணம் ஏறும்போது தெரியும். தண்ணீரிலிருந்து திரும்ப ஏறுகிறவர் நெஞ்சாலும் வயிற்றாலும் தளத்தின் மேல் ஊர்ந்துதான் வருவார். துருத்திய கொக்கி ஒன்று இருந்தால் மிதவைச் சட்டையின் வார் அதில் மாட்டும். பாதி ஏறிய நிலையில் மாட்டினால் மறுபடி கவிழ வேண்டியதுதான். ஆகவே பிணைப்பு கயிற்றுக்கு மட்டும் இடம் தந்து, உடம்புக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

முடிச்சை எங்கே போடுவது என்பதில் கயாக்காரர்களுக்குள் இரண்டு கட்சி. ஒரே கயிறாக எல்லாப் பிணைப்புகள் வழியாகவும் தடையில்லாமல் ஓடவிடுவது ஒன்று. அப்போது ஒரு இடத்தில் இழுத்தால் பக்கத்துத் தொங்கலும் சேர்ந்து வந்து கைக்கு அகலமான பிடி கிடைக்கும். ஆனால் ஒரு இடத்தில் அறுந்தால் முழுக் கயிறும் தொளதொளத்துப் போகும். ஒவ்வொரு பிணைப்பிலும் முடிச்சுப் போட்டு நிறுத்துவது மற்றக் கட்சி. அப்போது ஒரு துண்டு அறுந்தாலும் மற்றவை நிற்கும்; ஆனால் வழுக்கிப் போகும் கை முடிச்சுக்கு முடிச்சு தடுக்கும். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். முன்பாதிக்கு ஒரு கயிறு, பின்பாதிக்கு ஒரு கயிறு. ஒவ்வொன்றும் தன் பாதிக்குள் தடையில்லாமல் ஓடும். இணைக்கும் முடிச்சைக் குழிக்குப் பக்கத்தில் வைக்காமல் முனைக்கருகே தள்ளிவைப்பேன், அங்கே கை வழுக்கிப் போகும் வேலை குறைவு. நுனியைத் தீயில் காட்டி உருக்கி, விரலால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பு இருந்தால் திரும்ப உருக்குவேன்.

முன்கயிறு குழிக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்துவிடும். பின்கயிறு குழிக்குக் கொஞ்சம் பின்னால் தொடங்கும். நடுவில் பக்கவாட்டில் கயிறு இல்லை. பார்க்கக் குறையாகத் தெரியும். ஆனால் அங்கே குழியைச் சுற்றி ஒரு விளிம்பு எழும்பி நிற்கிறது. விரல் அதில் சரியாக மாட்டும். முனையில் பிடித்தவர் கயிற்றோடு கயிறாக நகர்ந்து வருவார், கயிறு முடியும் இடத்தில் விளிம்பு கைக்கு வரும், விளிம்பு முடியும் இடத்தில் பின்கயிறு தொடங்கும். ஒரு பிடி கைவிடும் முன்பே அடுத்த பிடி வந்து நிற்கிறது. குற்றாலத்துத் தூணைத் தாண்டும் கைக்கு நான் கேட்டது இதைத்தான்.

இதே தளத்தில் எலாஸ்டிக் கயிறுகளும் குறுக்கும் மறுக்கும் ஓடும். தண்ணீர் பாட்டில், வரைபடம், உபரித் துடுப்பு எல்லாவற்றையும் பிடித்து வைப்பவை அவை. சிலர் அவற்றில் மரமணிகளைக் கோத்திருப்பார்கள். மணி கயிற்றைத் தளத்திலிருந்து ஒரு விரல் உயரம் தூக்கி நிறுத்துவதால் துடுப்பின் நுனியை அடியில் செருகுவது சுலபம். ஆனால் ஆள் தொங்க எலாஸ்டிக் ஆகாது. இழுத்தால் நீண்டுகொண்டே வந்து, கயாக் அங்கேயும் ஆள் இங்கேயுமாக்கிவிடும். புதிதாக வருகிறவர்கள் பார்த்தவுடன் பிடிப்பது அதைத்தான், அது நடுவில் எடுப்பாகத் தெரிவதால். அதனால் ஓரக்கயிற்றை மற்ற எல்லாவற்றையும்விடப் பளிச்சென்ற நிறத்தில் வாங்க வேண்டும். மஞ்சள் எனக்குப் பிடித்தம்.

தனியாக ஏறுவதில் கயிற்றின் வேலை இப்படிப் போகும். கவிழ்ந்து வெளியே வந்தவர் ஒரு கையில் கயாக்கையும் மறு கையில் துடுப்பையும் விடாமல், கயிற்றோடு நகர்ந்து குழிப் பக்கம் வருவார். கயாக்கை நிமிர்த்துவார். துடுப்பின் ஒரு அலகில் காற்றடைத்த மிதவைப் பையை மாட்டுவார். துடுப்பின் தண்டைக் குழிக்குப் பின்னால் குறுக்கே வைத்து, மறு நுனியைத் தளத்துக் கயிறுகளுக்கு அடியில் செருகுவார். இப்போது துடுப்பு ஒரு பக்கமாக நீட்டிய கை. அதன் நுனியில் மிதவை. அதை அழுத்திக்கொண்டு பின்தளத்தின் மேல் நெஞ்சைப் போடுவார். தூரத்துப் பக்கத்து ஓரக்கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்தால் உடம்பு மேலே வரும். ஒரு காலைத் தண்டின் மேல் மாட்டி, ஊர்ந்து, குழிக்குள் காலை விட்டு, மிதவைப் பக்கமே சாய்ந்தபடி மெல்லத் திரும்பி உட்காருவார். கையில் பலம் குறைந்தவர்கள் நாடாவில் ஒரு வளையம் கட்டிக் காலுக்குப் படி வைத்துக்கொள்வார்கள். கண்ணில் உப்புத் தண்ணீர், மூச்சிரைப்பு, அலையின் ஆட்டம். அந்த நிலையில் எந்தக் கயிறு எங்கே என்று யோசிக்க நேரம் கிடையாது. பழகிய கைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் மாதத்தில் ஒரு தடவையாவது வேண்டுமென்றே கவிழ்ந்து பழக வேண்டும் என்று கூட வருகிறவர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இரண்டு முனைகளிலும் தொங்கும் கைப்பிடியையும் சொல்லிவிட வேண்டும். வெறும் கயிற்று வளையமாக இருந்தால், அலையில் கயாக் உருளும்போது உள்ளே மாட்டிய விரல்களை அது முறுக்கி நசுக்கிவிடும். அதனால் குறுக்குக் கட்டை போல ஒரு பிடியை ஒற்றைக் கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். படகு எத்தனை முறை உருண்டாலும் பிடி கைக்குள்ளேயே சுழலும், விட வேண்டுமென்றால் விரலைத் திறந்தால் போதும். பிடிக்க வசதி செய்கிறவர், விட வேண்டிய நேரத்தையும் யோசித்திருக்கிறார்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கிரீன்லாந்தில் கடல்நாய்த் தோலால் கயாக் செய்த வேட்டைக்காரர்கள் தளத்தின் குறுக்கே தோல்வாரைக் கட்டி, எலும்பிலும் தந்தத்திலும் செதுக்கிய சிறு துண்டுகளை அதில் கோத்திருந்தார்கள். துண்டை நகர்த்தினால் வார் இறுகும், தளரும். துடுப்பை அதன் அடியில் செருகிக் கயாக்கை ஆடாமல் நிறுத்துவார்கள். அருங்காட்சியகப் படங்களில் அந்த எலும்புத் துண்டுகளைப் பார்த்தால், ஓரங்கள் எல்லாம் மழுக்கி உருட்டியிருப்பது தெரியும். வாரை வெட்டிவிடக் கூடாது, கையையும் கிழிக்கக் கூடாது.

கயிற்றுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு பயணமும் முடிந்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் கயாக்கை வைத்துவிட்டு, முனையிலிருந்து விரல்களுக்கு நடுவில் கயிற்றை உருவிக்கொண்டே வருவேன். பிணைப்புக்கு அடியில் உரசும் இடத்தில்தான் முதலில் பஞ்சு போலச் சிலிர்க்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். வெயிலில் விறைத்து, வளைத்தால் மணல் நெரிபடும் சத்தம் கேட்டால் உள்ளே உப்பும் மணலும் ஏறி இழைகளை அறுத்துக்கொண்டிருக்கின்றன. அப்போது மாற்றிவிட வேண்டியதுதான். கழற்றிய பழைய கயிற்றைத் துணி காயப் போடவோ மூட்டை கட்டவோ எடுத்து வைப்பதில்லை. நல்ல கயிறு என்று நம்பி யாராவது எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் பயன்படுத்திவிடக் கூடும். ஒரு முழத்துக்கு ஒரு வெட்டாக வெட்டி, அப்புறம்தான் குப்பையில் போடுவேன்.